கொல்லைச் சருகில் ஒரு வருஷம்

மழை ஓய்ந்த அந்தியில் விளக்கைப் போட்டதும் ஒரு பழுப்புப் பூச்சி கூடத்துக்குள் நுழைந்து சுவர் மூலையில் ஒட்டிக்கொள்ளும். தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்து வீடுகளில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்துப்பூச்சி என்று நினைத்துத் துடைப்பத்தால் தள்ளிவிடுவார்கள். ஆனால் அது வண்ணத்துப்பூச்சி. ஆங்கிலத்தில் ‘காமன் ஈவ்னிங் பிரவுன்’ என்கிறார்கள். அறிவியல் பெயர் மெலனைடிஸ் லெடா. ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கும் இனம். மற்ற வண்ணத்துப்பூச்சிகள் வெயிலோடு அடங்கிவிட, இது அந்தி மயங்கும்போதுதான் கிளம்பும். பூக்களை அவ்வளவாக நாடாது. கீழே விழுந்து அழுகிய பழம்தான் அதற்குச் சாப்பாடு.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். கணக்கெழுதும் வேலை. வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். கேமரா வாங்கிய புதிதில், மேட்டுப்பாளையம் கல்லாறு பக்கம் போய் வந்தவர்கள் எடுத்த வண்ணத்துப்பூச்சிப் படங்களைப் பார்த்துப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். மலையடிவாரத்தில் பிறந்திருக்கலாமே என்று நிஜமாகவே தோன்றியிருக்கிறது. அப்படி ஏங்கிக்கொண்டிருந்தவனுக்கு, என் வேலை நேரத்துக்குத் தோதாக அமைந்த வண்ணத்துப்பூச்சி இது ஒன்றுதான். சப்போட்டா மரத்தடியில் அணில் கடித்துப் போட்ட பழங்களில் வந்து உட்காரும். அதையே எடுக்க ஆரம்பித்தேன்.

அந்தி வெளிச்சத்தில் படம் எடுப்பது சிரமம். ஃபிளாஷ் போட்டால் இறகின் நுண்கோடுகள் அத்தனையும் வெளுத்துத் தட்டையாகிவிடும். விடியற்காலைதான் சரிப்பட்டு வந்தது. பகலெல்லாம் அது சருகுக்குள் இறகை மூடிக்கொண்டு கிடக்கும். காலடி பக்கத்தில் விழுந்தால்தான் எழும்பும். எழும்பினாலும் நாலடி தள்ளி மறுபடியும் சருகில் விழும். விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் போக வேண்டும். கண் சிமிட்டி வேறு பக்கம் பார்த்தால் போச்சு. தரையோடு தரையாகப் படுத்து, இறகுக்கு நேர் எதிராக லென்ஸை வைத்து, பக்கவாட்டில் விழும் வெயிலுக்குக் காத்திருந்தால் நல்ல படம் கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் எடுத்த படங்களில் இறகின் அடிப்பக்கம் முழுக்க வெளிறிய பழுப்பு. அதன்மேல் மயிரிழை போன்ற கோடுகள். ஓரத்தில் வரிசையாகக் கண்கள்: நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதைச் சுற்றிக் கறுப்பு, அதைச் சுற்றி மஞ்சள் வளையம். ஒரு பூச்சியின் பின்னிறகில் சரியாக அந்தக் கண் இருக்க வேண்டிய இடத்தில் முக்கோணமாக ஒரு துண்டு இல்லை. பல்லியோ குருவியோ கண்ணைக் குறிவைத்துக் கொத்தியிருக்க வேண்டும். தலையும் உடலும் தப்பிவிட்டன. துண்டு போன இறகோடு அது பழத்தில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது.

தை, மாசி தாண்டி எடுத்த படங்களில் கண்களைக் காணோம். உற்றுப் பார்த்தால் ஊசி முனையளவு புள்ளிகள் மட்டும். முன்னிறகின் நுனி கொக்கிபோல வளைந்திருக்கிறது. நிறத்தைச் சொல்லி மாளாது. ஒன்று செம்மண் நிறம், ஒன்று சாம்பல், இன்னொன்றில் பூஞ்சணம் பிடித்த இலைபோலக் கருந்திட்டு, வேறொன்றில் இலையின் நடு நரம்பு மாதிரி ஒரு கோடு. இரண்டு பூச்சி ஒரே மாதிரி இல்லை. அதுவும் காரியமாகத்தான். ஒரே அச்சாக இருந்தால், ஒன்றைக் கண்டுபிடித்த குருவி மிச்சத்தையும் பொறுக்கிவிடும்.

இதை வேறு இனம் என்று நினைப்பது இயல்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட மழைக்கால வடிவத்துக்கும் வறண்ட கால வடிவத்துக்கும் தனித்தனிப் பெயர் சூட்டி வைத்திருந்தார்கள். கல்கத்தாவில் இருந்த லயனல் டி நிசெவில் இந்தக் குடும்பத்துப் பூச்சிகளை முட்டையிலிருந்து வளர்த்துப் பார்த்து, 1886இல் வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் எழுதினார். ஒரு வடிவத்தின் முட்டையிலிருந்து மற்ற வடிவம் வருகிறது என்று காட்ட, முட்டைக்கும் புழுவுக்கும் பக்கத்தில் ஓர் ஆள் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இறகு விரிந்த பிறகு எந்தப் பூச்சியும் நிறம் மாறுவதில்லை. கார்த்திகையில் கண்களோடு பறந்தது அப்படியே பறந்து முடிந்துபோகும். மாசியில் நான் பார்ப்பது அதன் சந்ததி. எந்த வடிவம் என்பது புழுவாக இருக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. மலாவி நாட்டிலிருந்து கொண்டுவந்த இதன் உறவுப் பூச்சி ஒன்றை நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பால் பிரேக்ஃபீல்டு குழுவினர் வளர்த்துப் பார்த்தார்கள். புழுக்களை 27 டிகிரியில் வளர்த்தால் பெரிய கண்கள். 17 டிகிரியில் வளர்த்தால் வெறும் புள்ளிகள். அங்கே மழைக்காலம் வெதுவெதுப்பானது, வறட்சி தொடங்குவது குளிரோடு. நம் ஊரில் தலைகீழ். மழை பெய்வது குளிர்ச்சியான மாதங்களில், வறட்சியோ சித்திரை வெயிலில். வெப்பம் ஒன்றை மட்டும் வைத்து இங்கே கணக்குப் போட முடியாது. புல்லின் பதமா, காற்றின் ஈரமா, இரண்டும் சேர்ந்தா என்ற கேள்வியை மனசில் போட்டுக்கொண்டுதான் தினமும் கொல்லைக்குப் போகிறேன்.

புழு சாப்பிடுவது புல், நெல். பச்சை உடம்பு, தலையில் இரண்டு கொம்பு, வாலில் இரண்டு முள். வயலில் இதற்குக் கொம்புப் புழு என்று பெயர். சம்பா நாற்றில் ஒன்றைப் பார்த்துவிட்டு, வயல் வேலை பார்க்கும் பெரியவரிடம் மருந்து அடிப்பீர்களா என்று பயந்துகொண்டே கேட்டேன். “இதுக்கு எதுக்கு தம்பி மருந்து? ஒண்ணு ரெண்டு இலையக் கடிக்கும். மிச்சத்தக் கொக்கும் குளவியும் பாத்துக்கும்” என்றார். அன்றைக்கு இருந்த நிம்மதியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அம்மாவிடம்தான் அதிகம் கெஞ்ச வேண்டியிருந்தது. காலையில் கொல்லையைக் கூட்டிச் சருகைக் குவித்துக் கொளுத்துவது அவருக்கு ஆண்டாண்டுப் பழக்கம். “சருகு கெடந்தா பூச்சி பொட்டு அடையும்டா. வெள்ளிக்கெழமையும் அதுவுமா வீடு இப்படியா கெடக்கும்?” என்பார். மாசியில் எடுத்த ஒரு படத்தைக் கணினியில் பெரிதாக்கி, இதில் பூச்சி எங்கே இருக்கிறது, காட்டு என்றேன். சருகு சருகாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் நானே காட்ட வேண்டியிருந்தது. வெகுநேரம் படத்தையே பார்த்தார். மறுநாள் முற்றத்தைக் கூட்டியவர், சப்போட்டா மரத்தடியை விட்டுவிட்டார். வேலியோரப் புல்லை அறுக்க ஆள் வந்தபோதும் ஒரு பாத்தியளவு விடச் சொன்னது அவர்தான்.

அந்தப் புல்லில்தான் முட்டைகளைக் கண்டேன். வறண்ட காலத்துப் பெண்பூச்சி புல் துளிர்க்கும் வரை முட்டையைத் தள்ளிப்போட்டுக் காத்திருக்கும். ஆற்றில் தண்ணீர் வந்து, நாலு தூறலும் விழுந்து, வேலியோரம் பச்சை கட்டிய பிறகு இலையின் அடிப்பக்கத்தில் உருண்டையாக, பளபளப்பாக இருந்தன. வெயில் மாதம் முழுவதும் சருகாகக் கிடந்து பசியும் பல்லியும் தாண்டி வந்த ஒரு தாய் இட்டவை. கல்லாறு ஏக்கம் எப்போது விட்டது என்று யோசித்தால், ஏறக்குறைய அந்த வாரத்தில்தான் இருக்கும். நாலு சென்ட் கொல்லையே எனக்கு இன்னும் பார்த்து முடியவில்லை.

கோடை மழைக்குப் பின்னால் இரண்டு வடிவமும் ஒரே பழத்தில் உட்கார்ந்திருப்பதையும் எடுத்திருக்கிறேன்; இரண்டுக்கும் நடுவில், அரைகுறைக் கண்களோடு வந்தவையும் உண்டு. அவை எந்த வாரத்தில் புழுவாக இருந்தன என்று தெரிந்தால் கொஞ்சம் பிடி கிடைக்கும். முட்டையிலிருந்து இறகு வரை ஏறத்தாழ ஒரு மாதம். வருகிற புரட்டாசியில் ஒரே தாயின் முட்டைகளைப் பிரித்து, ஒரு பங்கை அடுப்படிச் சுவரோரத் தொட்டியிலும் மறு பங்கைக் கிணற்றடி நிழலிலும் வளர்க்கப் போகிறேன். இரண்டு தொட்டியிலும் நெல் முளைத்துவிட்டது. தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டிருக்கிறார்.