குருந்தக் கல்

ஆலங்குடி சாலையோரத்தில் ஒரு கடைசல் பட்டறை. எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும்.

பையன் பலாக் கட்டையில் கட்டில் கால் கடைந்துகொண்டிருந்தான். உளியின் வாயிலிருந்து சீவல் வரவில்லை; மஞ்சள் தூள்தான் பறந்தது. நிறுத்திவிட்டு மூலையிலிருந்த சாணையை ஓடவிட்டான். உளியை வைத்தான். பொறி பறக்கவில்லை. இன்னும் அழுத்தினான். கீச்சென்ற சத்தம், பிறகு கருகல் வாடை.

"எடுடா உளியை."

ஆசாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சத்தத்திலேயே தெரிந்திருக்கிறது. பழைய அரத்தை அடித்துச் செய்த உளி. நுனி நீலம் பாய்ந்து பதம் போயிருந்தது.

சுவிட்சை அணைத்தபின்னும் கல் நெடுநேரம் சுற்றியது. தானாக நிற்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். நின்றதும் ஆசாரி நகத்தால் கீறினார். வழுக்கியது. நடுவில் பள்ளம் வேறு. பையன் எப்போதும் ஒரே இடத்தில்தான் தேய்ப்பான் போலும்.

"இதுல என்னத்தத் தேச்ச?"

"ஜன்னல் அலுமினியம்... ஒரு துண்டுதான் மாமா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கல்லே அலுமினிய ஆக்சைடு. மண்ணிலிருந்து எடுத்தால் குருந்தம். ஆங்கிலக்காரன் கொரண்டம் என்பதும் நம் சொல்லைத்தான். அந்நாளில் குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் சாணை செய்தார்கள். இன்று பொடி உலையிலிருந்து வருகிறது. பழைய மணி மழுங்கி உதிர, அடியிலிருந்து கூரான மணி வெளியே வரவேண்டும். இளகிய உலோகம் இடுக்கில் அப்பிக்கொண்டால் எது உதிரும், எது வரும்?

ஆணியில் மாட்டியிருந்த புதுக்கல்லை ஆசாரி விரலில் கோத்து, உளிப்பிடியால் தட்டினார். சந்தையில் பானை தட்டுகிற மாதிரி. ணங்கென்றது, விரிசல் இல்லை. ஆனாலும் திரும்ப ஆணியிலேயே மாட்டிவிட்டார். பழையதில் இன்னும் ஆயுள் இருக்கிறது என்று கணக்கு.

துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டினார். சாணையை ஓடவிட்டு, கல்லுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்றார். முனையில் பல் சக்கரங்கள் வைத்த கம்பியைத் தாங்கியில் ஊன்றி, இடமும் வலமுமாக நகர்த்தினார். கரகரவென்று தூள் கொட்டியது. கை மயிரெல்லாம் வெளுத்தது. பள்ளம் மறையும்வரை விடவில்லை.

கல் தேய்ந்த அளவுக்குத் தாங்கியை நெருக்கினார். மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கலாம். பிறகு உளி. அழுத்தவேயில்லை, தொட்டு எடுத்து, தண்ணீரில் முக்கி, மறுபடி தொட்டார். இப்போது பொறி பூவாகச் சிதறியது. நீலம் போய் வெள்ளை வாய் தெரிந்தது.

பையன் வாங்கிக்கொண்டு போய்க் கட்டையில் வைத்தான். பலாச் சீவல் சுருள் சுருளாக அவன் கால்மேல் விழுந்தது.