வால் மாத்தி வரைஞ்ச கதை

தஞ்சாவூர்னா பெரிய கோவில், தலையாட்டி பொம்மை, வயக்காடு. எங்க மாவட்டத்துக்குக் கடலும் இருக்குன்னு சொன்னா வெளியூர்க்காரங்க சிரிக்கிறாங்க. கடைமடை தாண்டி அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம்னு போய்ப் பாருங்க மக்கா. சரபோஜி கட்டின மனோரா அங்கதான் நிக்குது. நெப்போலியனை வெள்ளைக்காரன் ஜெயிச்சதுக்கு நம்ம ராஜா கட்டின எட்டடுக்கு கோபுரம்! (யார் ஜெயிச்சா நமக்கென்னன்னு கேக்கப்படாது.)

அந்தக் கடல்லதான் கடற்பசு இருக்கு. மீனவங்க சொல்றது ஆவுளியா. தாய்ப்பால் குடிச்சு வளர்ற ஜீவன், கடலடியில கடற்புல் மேயும், யானைக்குத் தூரத்துச் சொந்தம். மூணு நாலு வருஷத்துக்கு ஒரு குட்டிதான். 2022 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவுல தஞ்சை, புதுக்கோட்டை கடலோரத்துல 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமா அறிவிச்சது. இந்தியாவிலேயே முதல். அப்போ சொன்ன கணக்குப்படி நாடு முழுக்க மிச்சம் இருந்ததே சுமார் 240.

நான் லீவு நாள்ல தஞ்சாவூர் ஓவியம் போடறவன். அமெரிக்காவுல வாத்துப் படம் போட்ட ஸ்டாம்பை 1934-லேர்ந்து வித்து, அந்தக் காசுல ஏரி குளமெல்லாம் வாங்கிப் பாதுகாக்கறாங்க. ஃப்ளோரிடாவுல 1990-லேர்ந்து மனாட்டி படம் போட்ட கார் நம்பர் பிளேட். நாமளும் செஞ்சா என்னன்னு ஒரு வேகம். பலகையில துணி ஒட்டி, மக்கு வச்சு உடம்பை உப்ப வச்சு, அலைக்கெல்லாம் தங்க ரேக்கு. அம்மா பார்த்துட்டு, "தும்பிக்கை இல்லாத புள்ளையார் மாதிரி இருக்குடா"ன்னாங்க. சொந்தக்காரன்தானேம்மா :-)

ஒண்ணு 1,500 ரூபான்னு பதினோரு படம் போச்சு. வாங்கினதெல்லாம் ஆபீஸ் ஆளுங்க, சித்தப்பா, மாடி வீட்டு டீச்சர். ரேக்குச் செலவு போக மிச்சம் 6,700. மல்லிப்பட்டினம் பக்கம் ஒரு அண்ணன், வலையில மாட்டின ஆவுளியாவை வலையை அறுத்து விட்டாராம்னு நண்பன் சொன்னான். அது நம்மள மாதிரி மூச்சு விடற பிராணி. சில நிமிஷத்துக்கு ஒருதடவை மேல வரணும், வலையில சிக்கினா மூச்சு முட்டிச் செத்துடும். அதான் யோசிக்காம அறுத்திருக்கார். காசை அவர்கிட்ட கொடுக்கறதுன்னு முடிவு.

பணத்தை எண்ணினார். "வலைக்குப் பாதி ஆகும் தம்பி"ன்னார். நன்றி கின்றியெல்லாம் இல்ல. எனக்கு அது பிடிச்சிருந்தது. அப்புறம் பெருமையா செல்போன்ல படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என்ன தம்பி?"

"ஆவுளியாண்ணே."

"ஆவுளியாவுக்கு வாலு ஓங்கில் வாலு மாதிரி ரெண்டா பிரிஞ்சிருக்கும். இது தோசைக் கரண்டியால்ல இருக்கு. மூஞ்சியும் வேற."

அப்பதான் உறைச்சது. இண்டர்நெட்ல நான் பார்த்து வரைஞ்சது மனாட்டி. வட்ட வால் அதுக்குத்தான். அது அட்லாண்டிக் பக்கத்து ஜாதி, நம்ம கடல்ல கிடையவே கிடையாது. 240 தான் இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லி வித்தேனே, அந்த மிருகத்தை ஒரு தடவைகூட ஒழுங்கா பார்க்கலை. பஸ்ஸுல வரும்போது காது சுட்டுது.

பதினோரு பேருக்கும் போன் போட்டேன், வால் மாத்தித் தரேன்னு. எட்டு பேர் சிரிச்சுட்டு "விடுப்பா"ன்னாங்க. சித்தப்பா பூஜை ரூம்ல மாட்டிட்டாராம், எடுக்க முடியாதாம். ஒருத்தர் காசைத் திருப்பிக் கேட்டார், கொடுத்துட்டேன். நியாயம்தானே. டீச்சர் மட்டும் படத்தோட இறங்கி வந்தாங்க, "பசங்களுக்குக் காட்டணும், சரியா போட்டுக் கொடுங்க"ன்னு.

போன ஞாயித்துக்கிழமை அந்த வாலைச் சுரண்டி எடுத்தேன். மக்கு காயுது. அண்ணன்கிட்ட காட்டிட்டுத்தான் இந்த தடவை ரேக்கு ஒட்டறது.