தண்ணீர் பழகும் வரை

கொளத்தூரில் ஒரு வீட்டு மொட்டை மாடி. துணிக்கொடிக்குக் கீழே வரிசையாகக் காலி குவார்ட்டர் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் முக்கால் பங்கு வெளிர்பழுப்புத் தண்ணீர், அதற்குள் ஒற்றை ஆண் ஃபைட்டர் மீன். பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் அட்டைத் துண்டு செருகியிருக்கிறது. அட்டையை உருவினால் போதும், இரண்டும் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் முட்டத் தொடங்கிவிடும். நாள் முழுக்க விறைத்துக்கொண்டு நிற்கும் மீன் சரியாகத் தீனி எடுக்காமல் இளைத்துப்போகும் என்பதால்தான் அந்தத் தடுப்பு.

ஃபைட்டரின் பூர்வீகம் தாய்லாந்துப் பக்கம். வயலிலும் சதுப்பிலும், ஆக்சிஜன் குறைந்த கலங்கல் நீரில் வாழ்ந்து பழகிய இனம். செவுள் போதாதென்று, காற்றை நேரடியாகச் சுவாசிக்கத் தலைக்குள் இன்னோர் உறுப்பும் உண்டு. மேலே வந்து ஒரு மடக்கு காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். பாட்டிலில் தாக்குப்பிடிப்பது அதனால்தான். ஆனால் பாட்டில் அதன் வீடு இல்லை. விற்கும் வரைக்குமான இடம். இதை முதலில் சொன்னவர் அந்த மாடியின் சொந்தக்காரரான நாற்பதைக் கடந்த பெண்மணி. "நாங்க ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி மாத்துறோம் தம்பி. வாங்கிட்டுப் போறவங்க மேஜைமேல அதே மாதிரி கிளாஸ்ல வருஷக்கணக்கா வெச்சிருக்காங்க. அது பாவம்" என்றார்.

கொளத்தூர் சென்னையின் வடமேற்கு விளிம்பில் இருக்கிறது. பக்கத்தில் ரெட்டேரி, அதைத் தாண்டிப் புழல், மாதவரம். இங்கே பல தெருக்களில் வீட்டின் பின்கட்டும் மாடியும் மீன் பண்ணைதான். கப்பி, மோலி, ஏஞ்சல், கோல்டு ஃபிஷ், ஃபைட்டர் என்று இங்கே குஞ்சு பொரிக்கும் மீன்கள் ரயிலிலும் விமானத்திலும் நாட்டின் மற்ற நகரங்களுக்குப் போகின்றன. கண்ணாடிக்குள் மீனை வைத்து வேடிக்கை பார்ப்பது சென்னைக்குப் புதிதும் அல்ல. மெட்ராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் 1909ஆம் ஆண்டிலேயே மெரினா கடற்கரையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. அங்கே கடலில் பிடித்த மீனைக் கொண்டுவந்து காட்டினார்கள். கொளத்தூர்க்காரர்கள் செய்வது வேறு. அமேசானிலும் தாய்லாந்திலும் பிறந்த இனங்களைச் சென்னை வெயிலில், சிமெண்ட் தொட்டியில், தலைமுறை தலைமுறையாகப் பெருக்குகிறார்கள்.

அந்த அக்காவின் வேலையை அருகிலிருந்து பார்த்தால்தான் அதன் நுணுக்கம் தெரியும். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். அதில் காய்ந்த பாதாம் இலை ஒன்று. தெருவோரத்தில் சிவந்து உதிர்கிற அந்த இலையைச் சேகரித்து வெயிலில் உலர்த்தி வைத்திருக்கிறார். இலையிலிருந்து இறங்கும் சாறு தண்ணீரைப் பழுப்பாக்கி, அமிலத்தன்மையைச் சற்றே கூட்டுகிறது. பாட்டில்களில் இருந்த நிறமும் அதுதான். ஆண் மீன் இலையின் அடியில் எச்சில் நுரையால் கூடு கட்டும். கூடு தடித்த பிறகே பெண் மீனை உள்ளே விடுவார். அவசரப்பட்டு முன்பே விட்டால் ஆண் அதைக் கடித்துக் குதறிவிடும். ஆண், பெண்ணைச் சுற்றி வளைத்து அணைக்கும்போது முட்டைகள் உதிரும். விழுகிற முட்டையை ஆணே வாயால் பொறுக்கிக்கொண்டு போய் நுரையில் ஒட்டும். முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை உடனே எடுத்துவிட வேண்டும். இனி காவல் முழுக்கத் தகப்பனுடையது.

ஒன்றிரண்டு நாளில் பொரியும். குஞ்சுகள் வால் கீழாக நுரையில் தொங்கும். நழுவி விழுவதைத் தகப்பன் திரும்பக் கொண்டுபோய் வைத்துக்கொண்டே இருக்கும். அவை கிடையாக நீந்தத் தொடங்கும் நாளில் தகப்பனையும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சு அதற்கு இரை. "அந்த நாள் எதுன்னு எப்படித் தெரியும்க்கா?" என்று கேட்டேன். "காலைல பல்லு விளக்குறப்பவே டார்ச் அடிச்சுப் பார்த்துடுவேன்" என்றார். சில வாரம் கழித்துத்தான் குஞ்சுக்குக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உருவாகும். அதுவரை குளிர்காற்று படாமல் தொட்டியை மூடி வைக்கிறார். இதை அவருக்கு எந்தப் பள்ளியும் கற்றுக்கொடுக்கவில்லை. மாமியார் செய்வதைப் பார்த்துக் கற்றது.

இத்தனை கவனத்தோடு செய்யப்படும் உழைப்பைப் பொழுதுபோக்குச் சாமானாக மட்டும் நாம் பார்க்கிறோம். இது தேர்ந்த கைத்தொழில். நெசவுக்கும் தச்சுக்கும் கொடுக்கும் மரியாதையை இதற்கும் கொடுக்க வேண்டும்.

குஞ்சு பொரிவதைவிடக் கடினம் அதன் வாய்க்குள் நுழையும் இரையைத் தயாராக வைத்திருப்பது. ஃபைட்டர் குஞ்சின் வாய் ஊசிமுனை அளவு. அதற்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வேண்டும். வாழைப்பழத் தோலைத் தண்ணீரில் போட்டுக் கொசுவலையால் மூடி வைக்கிறார்கள். முதல் இரண்டு நாள் பால்போல் கலங்கி நாறும். பாக்டீரியா பெருகும் கட்டம் அது. நாலைந்து நாளில் தண்ணீர் இளமஞ்சளாகத் தெளியும். பாக்டீரியாவைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகிவிட்டன என்று பொருள். நாற்றத்தில் பயந்து கொட்டிவிட்டால் எல்லாம் வீண். அடுத்த கட்டத்துக்கு மொய்னா, அதாவது தெள்ளுப்பூச்சி அளவுள்ள நீர்ப்பூச்சி. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றி அதை வளர்க்கிறார்கள். ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று செலுத்தினால் ஏறக்குறைய ஒரு நாளில் பொரியும். இரை தயாராகும் நாளும் குஞ்சு நீந்தும் நாளும் ஒன்றாக வர வேண்டும். இந்தக் கணக்கைத் தவறவிட்டால் ஒரு ஈடு குஞ்சு முழுக்கப் பட்டினியில் போய்விடும்.

பெரிய மீனுக்குப் புழு. ட்யூபிஃபெக்ஸ் என்னும் இந்தச் செம்புழு சாக்கடை ஓடைகளின் சேற்றில் கொத்துக் கொத்தாக வாழ்வது. விடியற்காலையில் முட்டளவு கழிவுநீரில் இறங்கி, சேற்றோடு அள்ளி, அலசி, புழுவைப் பிரித்துக் கொண்டுவந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரைப் பண்ணை வாசலில் பார்த்தேன். கால் விரல் இடுக்குகள் வெந்து வெளுத்திருந்தன. கையுறை இல்லை, பூட்ஸ் இல்லை. "பூட்ஸ் போட்டா சேத்துல கால் எடுக்க வராது சார்" என்றார். புழுவை ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் கழுவிய பிறகே மீனுக்குப் போடுகிறார்கள், நோய் வரக் கூடாதென்று. மீனுக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு புழு எடுப்பவருக்கு இல்லை. வண்ண மீன் தொழில் பற்றிப் பேசும்போது இந்த மனிதரைப் பேசாமல் விடுவது அநியாயம்.

இரண்டு தெரு தள்ளி ஏஞ்சல் வளர்க்கும் பெரியவர் இருக்கிறார். ஏஞ்சல் தென்னமெரிக்க மீன். ஆண் பெண் அடையாளம் எளிதில் பிடிபடாது. அதனால் ஏழெட்டு மீன்களை ஒன்றாக விட்டு, அவையே ஜோடி சேரும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். ஜோடி சேர்ந்ததைத் தனித்தொட்டிக்கு மாற்றி, சாய்த்து வைத்த கருங்கல் பலகை ஒன்றைக் கொடுப்பார். இயற்கையில் அகன்ற இலைமேல் இடும் முட்டையை அவை இந்தப் பலகைமேல் வரிசையாக ஒட்டும். பலகையை அப்படியே வேறு தொட்டிக்கு மாற்றி, பூஞ்சை பிடிக்காமல் இருக்க மெத்திலீன் நீலம் சில சொட்டு விடுவார்.

அவருடைய பின்கட்டில் புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டி ஒன்றில் மீனே இல்லை. நறுக்கிய வாழை மட்டைகள் மிதந்துகொண்டிருந்தன. புதுச் சிமெண்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு தண்ணீரைக் காரமாக்கும், மீன் பிழைக்காது. வாழை மட்டையை அழுகவிட்டு, இறைத்துக் கொட்டி, மறுபடி நிரப்பி, மறுபடி கொட்டி, வாரக்கணக்கில் காத்திருக்கிறார். "மீன் அப்புறம். மொதல்ல தண்ணி பழகணும்" என்றார். அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் இந்தத் தொழில் முழுவதும் நிற்கிறது.

அவர் சொன்னது வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கும் பொருந்தும். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளிவிடுகிறது. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகினாலும் அதே அம்மோனியா. அது விஷம். ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான், மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டில் அவ்வளவு ஆபத்தில்லை. செடிகள் அதை உணவாக எடுத்துக்கொள்ளும். மீதியை வாராவாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றி வெளியேற்றலாம். இந்தப் பாக்டீரியாக்கள் கூழாங்கல்லிலும் ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் குடியேறிப் போதிய அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டி, கல், மோட்டார், பத்து மீன் எல்லாவற்றையும் ஒரே பில்லில் வாங்கி மாலையில் மீனை விடுகிறவர்களின் தொட்டியில் அடுத்த ஞாயிறுக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மிதப்பது இதனால்தான். மீன் நோஞ்சான் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். இன்னும் சிலர் 'சுத்தம்' செய்கிறேன் என்று ஃபில்டர் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசி, குடியேறிய பாக்டீரியாவையும் கொன்றுவிடுவார்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சைப் பிழிந்தால் போதும்.

செடி வைத்த தொட்டி இந்த வேலையைப் பாதியாகக் குறைக்கும். பிளாஸ்டிக் செடி எதையும் உறிஞ்சாது. நம் ஏரிகளில் கிடைக்கும் வேலம்பாசியே அருமையான தொடக்கம். வேகமாக வளரும், வளர வளர அம்மோனியாவை இழுத்துக்கொள்ளும். கப்பி வளர்ப்பவர்கள் குஞ்சு போடும் தாயின் தொட்டியில் இதைத்தான் கொத்தாகப் போடுகிறார்கள். கப்பி முட்டையிடாது, குஞ்சாகவே ஈனும். ஈன்ற கையோடு தின்னவும் பார்க்கும். பாசிக்குள் புகுந்த குஞ்சு பிழைத்துக்கொள்ளும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் ஆகியவற்றின் தண்டைக் கல்லுக்குள் புதைத்தால் அழுகும். மரத்துண்டில் நூலால் கட்டிவிட வேண்டும். இலங்கையின் ஓடைகளிலிருந்து உலகமெங்கும் பரவிய கிரிப்டோகொரைன் வெண்டியை இடம் மாற்றினால் இலையெல்லாம் கரைந்து கூழாகிவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். வேர் உயிரோடு இருக்கும். விட்டுவைத்தால் புதுத் தண்ணீருக்கு ஏற்ற புது இலை விடும். விளக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். இரவும் பகலும் எரியவிட்டால் செடிக்கு முன்னால் பாசி வளர்ந்து கண்ணாடியை மூடிவிடும்.

ஊர்த் தண்ணீரைப் பார்த்து மீன் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் கடினம். கப்பிக்கும் மோலிக்கும் அது ஒத்துப்போகும். நியான் டெட்ரா அமேசானின் மென்மையான நீருக்குப் பழகியது. கடின நீரில் அதன் முட்டை பொரிப்பதே அரிது. பெரியவர் ஐப்பசி மழையைப் பீப்பாயில் பிடித்து வைத்து ஏஞ்சல் தொட்டிகளில் கலக்கிறார். 2019 கோடையில் புழல் ஏரி வறண்டபோது லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டிகளைக் காப்பாற்றியதையும், 2015 டிசம்பர் வெள்ளம் தொட்டி விளிம்பைத் தாண்டியதில் வளர்ந்த மீன்களெல்லாம் தெருவோடு போனதையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். இரண்டுமே தண்ணீர்க் கதைதான்.

மாலையில் பாக்கெட் போடும் வேலை. ஒரு நாள் பட்டினி போட்ட மீன்கள். வயிறு காலியாக இருந்தால் பைக்குள் கழிவு சேராது. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி சிலிண்டர் ஆக்சிஜன். ரப்பர் பேண்டை முறுக்கிச் சுற்றும் வேகம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. மூலையில் குஞ்சு சிக்கி நசுங்காதபடி பையின் அடி முனைகளை மடித்து ஒட்டுகிறார்கள். பிறகு தெர்மாகோல் பெட்டி, ரயில் நிலையம்.

இந்தத் தெருக்களில் எல்லாமே நல்லதாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன் விரலளவில் அழகாக இருக்கும். முழங்கை நீளம் வளர்ந்ததும் வாங்கியவர் ஏரியில் விட்டுவிடுகிறார். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இந்த முள்தோல் மீன் இன்று தமிழக நீர்நிலைகளில் பெருகி, கரையைக் குடைந்து, வலையைக் கிழித்து மீனவர் பிழைப்பில் கைவைக்கிறது. மறுபக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் டெனிசன் கெண்டை. மெட்ராஸ் ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசனின் பெயரை 1865இல் மீனியலாளர் பிரான்சிஸ் டே இதற்கு வைத்தார். உடலில் செங்கோடும் கருங்கோடும் ஓடும் இந்த மீனை அலங்காரச் சந்தைக்காக ஓடைகளிலிருந்து அள்ளியதில், அது அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வாங்குகிறவர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இது தொட்டியில் பொரித்ததா, ஓடையில் பிடித்ததா? கேட்கிறவர்கள் கூடினால், அந்த அக்காவைப் போன்றவர்களின் தொட்டிகளுக்கு வேலை கூடும்.

அக்காவின் தெரு முனையில் உள்ள சிறிய கடைக்காரர் முதல் முறை வருகிறவர்களுக்கு மீன் விற்பதில்லை. தொட்டியும் கல்லும் வேலம்பாசியும் கொடுப்பார். தன் கடைத் தொட்டியில் பல மாதம் ஓடிய பழைய ஸ்பாஞ்சிலிருந்து ஒரு துண்டைக் கத்தரித்து ஈரம் காயாமல் பையில் போட்டுக் கூடவே தருவார், பாக்டீரியா சீக்கிரம் குடியேறட்டும் என்று. அதற்குக் காசு வாங்குவதில்லை. மீனுக்கு எப்போது வரலாம் என்று பில்லின் பின்பக்கம் தேதி எழுதிக் கொடுக்கிறார். நான் அங்கே நின்றிருந்தபோது ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். அந்தப் பெண் குழந்தை ஆரஞ்சு நிற மோலியைக் காட்டி அழுதது. தகப்பன் பக்கத்துக் கடைக்குப் போவதாகச் சொன்னார். "போங்க சார், தப்பா நினைக்கல. ஆனா அங்க வாங்கினாலும் ரெண்டே ரெண்டு வாங்குங்க. தீனி நாளுக்கு ஒருவேளை, ஒரு சிட்டிகை. ரெண்டு நாளைக்கு ஒருதடவை கால் வாளி தண்ணி மாத்துங்க, குழாய்த் தண்ணின்னா ஒருநாள் திறந்து வெச்சிருந்து ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்பாஞ்சுத் துண்டை அவர் கையில் கொடுத்தார்.