ஸ்பீக்கரைக் காப்பாற்றினோம், ரிமோட்டை மறந்துவிட்டோம்

1/
வீட்டில் ஹோம் தியேட்டர், சவுண்ட்பார், டவர் ஸ்பீக்கர் ஏதாவது இருக்கா? கூடவே ஒரு வயசு, ரெண்டு வயசுல குழந்தையும் இருக்கா? அப்போ இந்த இழை உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். ஆனா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. இதில் வரும் குழந்தை என் மகள்.

2/
நாங்க குடியிருப்பது கொடைக்கானலில். கிட்டத்தட்ட 7,000 அடி உயரம். மழையும் பனிமூட்டமும் சேர்ந்துவிட்டால் பிள்ளைகளுக்கு நாள்கணக்கில் வீட்டுச்சிறைதான். என் கணவர் தேனிப் பக்கம். 100.5 கோடை பண்பலை கேட்டே வளர்ந்தவர். பாட்டு என்றால் உயிர். ஆசை ஆசையாக இரண்டு டவர் ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வாங்கி வைத்தார்.

3/
பாப்பா நடக்க ஆரம்பித்தாள். முதல் வாரமே ஸ்பீக்கர் நடுவில் குமிழ் மாதிரி இருக்குமே, அதை விரலால் அமுக்கி உள்ளே தள்ளிவிட்டாள். இவருக்கு நெஞ்சே உள்ளே போன மாதிரி இருந்தது. "பாப்பாகிட்ட இருந்து ஸ்பீக்கரைக் காப்பாத்தணும்" என்றார். "ஸ்பீக்கர்கிட்ட இருந்து பாப்பாவைக் காப்பாத்தணும்" என்றேன் நான். சண்டைக்குப் பிறகு ரெண்டுக்கும் சேர்த்தே வேலை நடந்தது.

4/
முதலில் எடை. டவர் ஸ்பீக்கர் உயரமாக, ஒல்லியாக இருக்கும். நடை பழகும் குழந்தை எதைப் பிடித்தும் எழுந்து நிற்கும். பிடித்தது சாய்ந்தால் பத்துப் பதினைந்து கிலோ நேராகத் தலையில் விழும். அதனால் மேல் பகுதியை எல் கிளாம்ப் அல்லது பட்டை போட்டுச் சுவரோடு இறுக்கினோம். மேலே பொம்மை, பிஸ்கட் டப்பா எதுவும் வைப்பதில்லை. அதை எடுக்கத்தான் ஏறுவார்கள்.

5/
அடுத்தது ஒயர். அலமாரியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் தானாக விழாது. தொங்கும் ஒயரைக் குழந்தை இழுத்தால் விழும். அதே ஒயர் கழுத்தில் சுற்றவும் செய்யும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவரோரமாக கேசிங் பட்டிக்குள் ஒயரை விட்டோம். ஜங்ஷன் பாக்ஸை ஸ்டாண்டுக்குப் பின்னால், கை எட்டாத உயரத்தில் ஏற்றினோம். சும்மா கிடக்கும் பிளக் ஓட்டைகளுக்கு மூடி போட்டோம்.

6/
எல்லாம் முடித்துவிட்டு ரெண்டு பேரும் காப்பி குடித்தோம். வீடு பத்திரம் என்று நம்பினோம். அந்தக் காப்பி குடிக்கும்போதும் சோபா மேலேதான் கிடந்தது, அட்டை மாதிரி மெல்லிசான அந்த ரிமோட். அதை ரெண்டு பேருமே ஒரு பொருளாகக்கூட நினைக்கவில்லை.

7/
ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சமையலறையில் இருந்தேன். "ஏம்மா, இந்த ரிமோட்ல பின்னாடி ஏதோ கழண்டு கெடக்கு பாரு" என்று எங்கம்மா குரல் கொடுத்தார். போய்ப் பார்த்தால் பேட்டரி வைக்கும் தட்டு தனியாகக் கிடக்கிறது. பேட்டரியைக் காணோம். பக்கத்தில் பாப்பா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு அப்போது ஒன்றரை வயது.

8/
ஏன் கை நடுங்கியது என்று சொல்கிறேன். இந்த ரிமோட்களில் இருப்பது நாணயம் போன்ற 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. விட்டம் 20 மில்லிமீட்டர். சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் மாட்டிக்கொள்வதற்கென்றே செய்த அளவு. பேட்டரி உடைந்து அமிலம் கசிந்தால்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறோம். அது உடையவே வேண்டாம். ஈரமான சதையில் பட்டதும் மின்சாரம் ஓடும். மைனஸ் முனைப் பக்கம் காஸ்டிக் சோடா மாதிரி காரம் உருவாகி அரிக்க ஆரம்பிக்கும்.

9/
இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயில் கடுமையான புண் உண்டாகலாம். ஓட்டை விழலாம். பக்கத்து ரத்தக்குழாய் வரைக்கும் போகலாம். ரிமோட்டுக்கு உதவாத தீர்ந்துபோன பேட்டரியிலும் இதற்குத் தேவையான மின்சாரம் மிச்சம் இருக்கும். விழுங்கிய குழந்தை அழவேண்டும் என்றும் இல்லை. எச்சில் வடியும், சாப்பிட மறுக்கும், இருமும், வாந்தி எடுக்கும். சளி என்று விட்டுவிடுவோம். சில சமயம் ஒரு அறிகுறியும் இருக்காது.

10/
இப்போது மலைக்கணக்கு. பேட்டரி உணவுக்குழாயில் இருந்தால் மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோப்பி மூலம் எடுக்க வேண்டும். நான் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகளுக்கு அந்த வசதி இல்லை. இறங்கித்தான் ஆகணும். வத்தலக்குண்டு தொடவே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். மதுரை சுமார் 120 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் வண்டிகள் நிற்கும் லட்சணம் உங்களுக்கே தெரியும். பூம்பாறை, மன்னவனூர்க்காரர்களுக்கு முதலில் கொடைக்கானல் வந்து சேரவே நேரமாகும். இரண்டு மணி நேரம் என்று புத்தகத்தில் படிப்பது வேறு. மலையில் இருந்து எண்ணுவது வேறு.

11/
வீட்டில் மலைத்தேன் இருந்தது. இரண்டு டீஸ்பூன், அதாவது 10 மில்லி, உடனே கொடுத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதே அளவு, அதிகபட்சம் ஆறு முறை. இது பாட்டி வைத்தியம் இல்லை, அமெரிக்காவின் நேஷனல் கேபிடல் பாய்சன் சென்டர் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. தேன் பேட்டரியைச் சுற்றிப் படிந்து காரத்தின் வேகத்தைக் குறைக்கும். குணமாக்காது. போகிற வழிக்குக் கொஞ்சம் அவகாசம் தரும், அவ்வளவுதான்.

12/
கணவர் சோபாவைப் புரட்டித் தேட ஆரம்பித்தார். "தேடுறதை அம்மா பாத்துப்பாங்க, நீங்க வண்டியை எடுங்க" என்றேன். வழியில் இரண்டாவது முறை தேன். பாப்பாவுக்கு ஒரே குஷி. எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. எத்தனையோ அம்மாக்களிடம் "பதறாதீங்கம்மா" என்று சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தைக்கு எந்தப் பயனும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

13/
கழுத்தில் இருந்து வயிறு வரை எக்ஸ்ரே. பேட்டரி என்றால் ஓரத்தில் இரட்டை வளையம் தெரியும். நாணயத்துக்கு அது இருக்காது. படம் வந்தது. வளையமும் இல்லை, நாணயமும் இல்லை. மூக்கு, காது இரண்டையும் பார்த்தேன். அங்கேயும் பேட்டரி மாட்டிக்கொண்டு அரிக்கும். அதுவும் சுத்தம். அப்புறம்தான் அழுதேன்.

14/
பேட்டரி எங்கே? சப்வூஃபரில் காற்று வெளியேற ஒரு வட்ட ஓட்டை இருக்குமே, அதற்குள். சாயங்காலம் கணவர் அதைத் தூக்கித் தலைகீழாகக் குலுக்கினார். பேட்டரி, ஒரு ஸ்பூன், என் கம்மல் ஒன்று, ரெண்டு மாதமாகத் தேடிய பீரோ சாவி எல்லாம் விழுந்தன. எங்களுக்கு அது ஸ்பீக்கர். அவளுக்கு அது உண்டியல். இப்போது அந்த ஓட்டைக்குக் கம்பி வலை போட்டிருக்கிறோம்.

15/
எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 2020 டிசம்பரில், ரிமோட்டில் இருந்த பட்டன் பேட்டரியை விழுங்கிய ஒன்றரை வயதுக் குழந்தை ரீஸ் இறந்துபோனாள். அவள் அம்மா விடாமல் போராடி, 2022ல் அவள் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. பட்டன் பேட்டரி போடும் இடம் குழந்தையால் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்கிறது ரீஸ் சட்டம். உங்கள் கையில் உள்ள ரிமோட்டைத் திருப்பிப் பாருங்கள். ஸ்க்ரூ இருக்கா?

16/
ஸ்க்ரூ இல்லையென்றால் நல்ல பசை டேப்பைச் சுற்றி ஒட்டுங்கள், எட்டாத உயரத்தில் வையுங்கள். பழைய பேட்டரியை டேப்பில் சுற்றி அப்புறப்படுத்துங்கள். டிராயரில் போடாதீர்கள். எடைபோடும் மெஷின், பாடும் பொம்மை, கார் சாவியையும் ஒரு தடவை பாருங்கள்.

17/
விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், உடனே கிளம்புங்கள் அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள். விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஒரு வயது முடிந்த, விழுங்க முடிகிற குழந்தைக்கு மட்டும் தேன். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. தேன் தேடி நேரம் கழிக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வேறு சாப்பாடோ தண்ணீரோ வேண்டாம். அதே மாதிரி இன்னொரு பேட்டரி அல்லது அந்த ரிமோட் இருந்தால் கையோடு கொண்டு போங்கள். "பட்டன் பேட்டரி" என்ற வார்த்தையை மருத்துவமனை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

18/
எங்கள் வீட்டில் இன்றைக்கும் பாட்டு ஓடுகிறது. பாப்பா ஸ்பீக்கர் முன்னாடி ஆடுகிறாள். ரிமோட் மட்டும் சாமி அலமாரிக்கு மேலே, டேப் சுற்றி. இதைப் படித்ததும் லைக் போடுவதற்கு முன்னால் எழுந்து போய் உங்கள் வீட்டு ரிமோட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு வாருங்கள், மற்றதைக் கமெண்டில் பேசலாம்.