குளிர்மலையில் சதங்கை ஒலி

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குச் செல்வோர் கிரகரி வாவியையும் ஹக்கலைப் பூங்காவையும் சீதாஎலிய அம்மன் கோவிலையும் பார்த்துத் திரும்புவது வழக்கம். கடந்த தை மாதம் நான் அங்கு சென்றது வேறொரு தேவைக்காக. என் தங்கையின் மகள் அங்கே பரதநாட்டியம் பயில்கிறாள். பிள்ளைகளின் நிகழ்ச்சிக்கு ஆடைகளைச் சரிசெய்து கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள்.

எங்கள் மட்டக்களப்பில் நடன வகுப்பென்றால் வியர்வைதான் பிரச்சினை. இங்கோ தை, மாசி மாதங்களில் புல்வெளியில் உறைபனி படியும் அதிகாலைகளும் உண்டு. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வகுப்பு. சீமெந்துத் தரை பனிக்கட்டிபோல் சில்லிட்டது. நகரத்திலிருந்தும் தோட்டத்து லயன்களிலிருந்தும் வந்த பிள்ளைகள் சுவெற்றரும் தொப்பியும் அணிந்திருந்தனர்.

ஆசிரியை அவற்றைக் கழற்றச் சொல்லவில்லை. முதல் கால் மணி நேரம் மண்டபத்தைச் சுற்றி நடத்தல், தோள்களையும் கணுக்கால்களையும் சுழற்றுதல், மெல்லத் துள்ளுதல். உடல் சூடேறிய பின்னரே தொப்பியும் சுவெற்றரும் ஒவ்வொன்றாகக் கழன்றன. தட்டடவு மூன்றாம் காலத்தை எட்டியபோது எல்லோரும் பருத்திப் பயிற்சிச் சேலையில் நின்றனர். காலுறை மட்டும் ஆடும்போது கூடாது; தரையில் வழுக்கிவிடும். அதற்குப் பதிலாக, பழைய சுவெற்றரின் கைகளை வெட்டி, ஓரம் தைத்து, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை மாட்டியிருந்தார்கள். நகரத்துப் பேல் பசாரில் குளிராடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு பழைய சுவெற்றரில் ஒரு பிள்ளைக்கான சோடி கிடைத்துவிடும்.

குளிரில் தசைகள் இறுகியிருக்கும். அந்நிலையில் திடீரென அரைமண்டியில் அமர்ந்து பாதத்தை ஓங்கித் தட்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், முழங்காலும் நோகும். இங்குள்ள ஒரு மாணவி முன்னர் வேறொரு வகுப்பில் பயின்றவள். அங்கே சுவெற்றர் அணிவது கலைக்கு மரியாதை இல்லை என்று தடுத்தார்களாம். தசை பிடித்து இரண்டு மாதம் ஆட முடியாமற் போனதும், “இனி ஆட்டம் வேண்டாம்” என்று தகப்பனார் சொல்லிவிட்டார். தாய்தான் விடவில்லை. கொழுந்து பறிக்கும் அந்தத் தாய் என்னிடம், “நாங்க மலைக்குப் போறப்ப தலைக்குக் கொங்காணி, இடுப்புக்குப் படங்கு கட்டிக்கிட்டுத்தானே போறோம் அக்கா. புள்ளைக்கு மட்டும் ஏன் கூடாது?” என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

நிகழ்ச்சி நாளன்று மேடைக்குப் பின்னால் ஒரு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. பட்டாடை பளபளக்குமேயன்றிக் குளிர் தாங்காது. தலைவழியே மாட்டும் சுவெற்றர் பூவையும் ஒப்பனையையும் கலைத்துவிடும் என்பதால், முன்பக்கம் பொத்தான் உள்ளவற்றையும் சால்வைகளையும் தாய்மார் கொண்டுவந்திருந்தனர். பிள்ளைகள் சாக்கு விரித்து அதன்மேல் நின்று, முறை வரும்வரை கால்களை அசைத்துக்கொண்டிருந்தனர். பெயர் அழைத்ததும் சால்வை தாயின் கைக்கு வந்தது. ஆடி முடித்து இறங்கியதும் வியர்வையைத் துடைத்து, மீண்டும் போர்த்தி, சூடான கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். அந்த மாணவி முழு உருப்படியையும் நோவின்றி ஆடினாள். தகப்பனார் பின்வரிசையில் நின்று பார்த்தார்.

மலையகத்தில் மட்டுமல்ல, குளிர்நாடுகளில் வாழும் நம் உறவுகளின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சகோதரிகளே, நடன உடைக்கு ஆயிரக்கணக்கில் செலவிடும் நாம், பையில் ஒரு சால்வையையும் வைத்தனுப்புவோம். பிள்ளையின் கால்கள் நலமாயிருந்தால்தானே சதங்கை ஒலிக்கும்.