துதிக்கை வைத்த லை

எங்கள் வீட்டில் 'கேஸ்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. பேத்திக்கு அது செல்போனின் முதுகில் மாட்டுகிற உறை. எனக்கோ அந்தச் சொல் காதில் விழுந்தால் மரத்தட்டுதான் நினைவுக்கு வரும். அச்சுக்கோப்பவன் முன்னால் சாய்வாக இருக்கும், அறை அறையாகத் தடுத்த பெரிய தட்டு. ஓர் அறைக்கு ஓர் எழுத்து. எந்த அறையில் எது என்று கை தானாகப் போகும், கண் வேண்டியதில்லை. 1969இல், பதினைந்து வயதில், மதுரை மேலமாசி வீதிப் பக்கம் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். கேஸ் முன்னால் என்னை நிற்க விட்டதே எட்டு மாதம் கழித்துத்தான். அதுவரை தரையில் சிந்திய எழுத்துகளைப் பொறுக்குவேன், டீ வாங்கி வருவேன், டிரெடில் மிஷினுக்கு எண்ணெய் விடுவேன்.

அதனால்தான், போன வருஷம் பேத்தி வந்து "தாத்தா, கேஸுல அச்சு வைக்க உங்க எழுத்தெல்லாம் வேணும்" என்றபோது, "கேஸையெல்லாம் அப்பவே விறகுக்குப் போட்டாச்சேம்மா" என்று சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் சிரித்தாள்.

எழுத்துகள் கொஞ்சம் இருந்தது உண்மை. ஆஃப்செட் வந்து எங்கள் அச்சகத்தை மூடியபோது, ஈய எழுத்துகள் மூட்டை மூட்டையாக எடைக்குப் போயின. நாற்பது வருஷக் கல்யாணங்களும் கருமாதிகளும் தேர்தல் நோட்டீசுகளும் தராசில் ஏறி இறங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலாளியின் மகன் ஒரு பிஸ்கட் டின் நிறைய அள்ளி என் கையில் கொடுத்தார். கொஞ்சம் பூ பார்டர், கொஞ்சம் எழுத்து. அந்த டின் பீரோவுக்கு மேலே இருபத்தைந்து வருஷம் தூங்கியது.

பேத்தி அதைக் கவிழ்த்துக் கிளறி, ஒன்றே ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இது என்ன தாத்தா, யானை மாதிரி இருக்கு?" பழைய லை. இப்போதைய லையில் முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஓர் எழுத்தும் இருக்கிறதல்லவா, அப்படி இல்லாமல், லகரத்தின் தலையிலிருந்தே ஒரு துதிக்கை சுருண்டு எழும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட பிறகு ணை, லை, ளை, னை எல்லாவற்றுக்கும் துதிக்கை போயிற்று. எங்களுக்கு அது லாபம், கேஸில் நாலு அறை மிச்சம். ஆனாலும் பழைய லை ஒன்றிரண்டைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. அவளுக்கு அது எழுத்தாகவே தெரியவில்லை, டிசைனாகத் தெரிந்தது. அதைத்தான் போன் முதுகில் பதிக்கப் போகிறேன் என்றாள்.

அவள் பதிக்கிற மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலிமர் கிளே என்கிறாள். பேரில்தான் களிமண், உள்ளே மண் ஒரு துளியும் கிடையாது. வீட்டுக்குத் தண்ணீர் வருகிற குழாய் இருக்கிறதே, பி.வி.சி., அதன் தூளில் இளக்கும் எண்ணெய் மாதிரி ஒன்றைச் சேர்த்துப் பிசைந்து வைத்திருக்கிறார்கள். வெயிலில் நாள் கணக்கில் வைத்தாலும் நம்மூர் அகல்விளக்கு மாதிரிக் காயாது. சூட்டில்தான் இறுகும். சிலவகைக்கு 110 டிகிரி, சிலவகைக்கு 130 டிகிரி, பொட்டலத்திலேயே போட்டிருக்கும். ஜெர்மனியில் பொம்மை செய்கிற கேதே குரூஸே என்ற அம்மாளிடம், பொம்மைத் தலைக்கு ஆகும் என்று இந்த மாதிரி ஒரு பண்டம் வந்ததாம். அவருக்கு அது சரிப்படவில்லை. வீட்டில் ஃபிஃபி என்று கூப்பிடுகிற மகள் அதை வைத்து விளையாடி விளையாடி ஒரு வழிக்குக் கொண்டு வந்திருக்கிறார். 1964இல் எபர்ஹார்ட் ஃபாபர் என்ற பென்சில் கம்பெனி அதை வாங்கி ஃபிமோ என்ற பேரில் விற்றது. அந்தப் பேரின் முதல் பாதி ஃபிஃபிதான். ஆகாது என்று ஒதுக்கிய பண்டம்தான் கடைசியில் கடைக்கு வந்தது. பேத்தி இதைச் சொன்னபோது அந்த மகளை எனக்கு நேரில் பார்த்தது போல இருந்தது.

வேலை இப்படி. வெள்ளைக் கிளேயைக் கை சூட்டில் நன்றாகப் பிசைய வேண்டும். பிசையாமல் விட்டால் ஓரம் வெடிக்கும். பிறகு கண்ணாடி பாட்டிலை உருட்டி இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத் தகடாக்கி, அதன்மேல் ஆல்கஹால் மையைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். நீலத்தில் ஒரு சொட்டு, பச்சையில் ஒரு சொட்டு. ஆல்கஹால் பறந்துபோக, நிறம் மட்டும் வளையம் வளையமாகப் படிந்து நிற்கும். அடுப்புப் பக்கம் அந்தப் புட்டியைக் கொண்டுபோகவே கூடாது. மை விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும், சோளமாவை மெல்லியதாகத் தூவி, அதன்மேல் எழுத்தை வைத்து அழுத்துவது. மாவு இல்லாவிட்டால் ஈயம் கிளேயைப் பிய்த்துக்கொண்டு வரும். முதல் தடவை நான் அழுத்தியபோது பெருமையாகத்தான் இருந்தது. அச்செழுத்து எப்போதும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித்தானே இருக்கும்? கிளேயில் நேராக விழுந்தது. பார்டர் பூக்களைச் சுற்றிவர வைத்தோம். "கை கழுவுங்க தாத்தா, ஈயம்" என்று அவள் சோப்பை நீட்டினாள். எங்கள் அச்சகத்தில், தினம் ஒரு வாழைப்பழம் தின்றால் ஈயம் ஒட்டாது என்று ஒரு நம்பிக்கை. அதை அவளிடம் சொல்லவில்லை, சோப்புப் போட்டுக் கழுவினேன்.

வெந்து ஆறிய பிறகு அவள் செய்ததுதான் எனக்குப் புதுசு. அடர்பழுப்பு அக்ரிலிக் வண்ணத்தை மேலெல்லாம் தேய்த்துவிட்டு, ஈரத்துணியால் மேட்டை மட்டும் துடைத்தெடுத்தாள். பள்ளத்தில் வண்ணம் தங்கிவிட்டது. நாங்கள் வாழ்நாளெல்லாம் மேட்டுக்கு மை வைத்தவர்கள். பள்ளத்தில் மை இறங்கினால் எழுத்து அடைத்துப்போகும், மெஷின்மேன் கத்துவார். இவள் பள்ளத்துக்குத்தான் மை வைக்கிறாள். ஐம்பது வருஷம் ஒரு காரியத்தை ஒரு பக்கமாகவே பார்த்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது.

இரண்டாவது கேஸில்தான் நான் கைவரிசையைக் காட்டினேன்.

கிளேக்கென்றே ஒரு பழைய சின்ன ஓவனை அவள் ஒதுக்கி வைத்திருக்கிறாள், சமையலுக்கு அதைத் தொடுவதில்லை. உள்ளே தனியாக ஒரு வெப்பமானியும் உண்டு, திருகில் போட்டிருக்கிற எண்ணை நம்ப முடியாதாம். பாலிகார்பனேட் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் உறைமேலேயே கிளேயைப் படிய வைத்து, கேமராவுக்கு ஓட்டை வெட்டி, உறையோடு சேர்த்து உள்ளே தள்ளுவாள். ரப்பர் மாதிரி வளைகிற உறை அந்தச் சூட்டில் தொங்கிவிடும், கெட்டி உறை 130 டிகிரியைத் தாங்கும். ஆறியதும் கிளே தனியாகக் கழன்று வந்தால் கோந்து போட்டு ஒட்டிக்கொள்வாள். அன்று அவளுக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. "அரை மணி நேரத்துல மணி அடிக்கும் தாத்தா. அணைச்சிட்டுக் கதவை லேசாத் திறந்து வைங்க. தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மணி அடித்தது. அணைத்தேன். கதவையும் திறந்தேன். அதோடு நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கலாம். ஒரு குச்சியால் ஓரத்தைத் தட்டிப் பார்த்தேன். வளைந்தது. வேகவே இல்லையே என்று தோன்றியது. குழந்தை திரும்பி வருவதற்குள் முடித்து வைப்போம் என்று மறுபடி உள்ளே தள்ளி, திருகை 200க்குத் திருப்பினேன். சூட்டில் இருக்கிறவரை கிளே இளகித்தான் இருக்கும், ஆறினால்தான் விறைக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. பத்து நிமிஷத்தில் மூக்கைக் கரிக்கிற புகை. உறை அப்பளம் மாதிரி மடங்கியிருந்தது. நீலமும் பச்சையும் போய் ஓரமெல்லாம் பழுப்பேறி, நடுவில் லை மட்டும் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

பேத்தி வாசலிலேயே முகர்ந்துவிட்டாள். "ஜன்னலைத் திறங்க முதல்ல, இந்தப் புகையை மூச்சுல இழுக்கக் கூடாது" என்று சொல்லி என்னைக் கையைப் பிடித்து வெராண்டாவுக்கு அழைத்துப் போனாள். புகை அடங்கின பிறகு கருகியதை எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் புதுப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியைக் கிள்ளி என் கையில் வைத்து, "பிசைங்க தாத்தா" என்றாள்.

பிசைந்துகொண்டே இருந்தபோதுதான் முதலாளி நினைவுக்கு வந்தார்.

1971 தை மாதம். முன்னூறு கல்யாணப் பத்திரிகை, மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும். அடித்ததும் நடுவில் கழிவுத்தாளைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி வை என்று சொல்லிவிட்டு அவர் ஒரு விசேஷ வீட்டுக்குப் போனார். அச்சு மை தண்ணீர் மாதிரிக் காய்வதில்லை, அது எண்ணெய், அட்டை கொஞ்சம் குடிக்கவேண்டும், காற்று கொஞ்சம் படவேண்டும். எனக்கோ தியேட்டரில் இரண்டாம் ஆட்டம். விரலால் தொட்டேன், காய்ந்த மாதிரிதான் இருந்தது. முன்னூறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சணலால் இறுக்கிக் கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

விடியற்காலையில் கட்டைப் பிரித்தால், ஒவ்வொரு பத்திரிகையின் முதுகிலும் கீழே இருந்த பத்திரிகை ஏறியிருந்தது. மணப்பெண் பேர் திருப்பிப் போட்டு முன்னூறு தடவை. நான் அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன். முதலாளி ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். என்ன படம் பார்த்தாய் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். புது அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டு, "வெட்டுடா" என்றார். அச்சுக்கோத்த பாரம் இன்னும் பிரிக்காமல் இருந்தது புண்ணியம். அவரே டிரெடிலில் நின்று காலால் மிதித்தார். மத்தியானம் வரை வாய் திறக்கவில்லை. கூலியில் பிடிப்பார் என்று சனிக்கிழமை பயந்துகொண்டே கையை நீட்டினேன். முழுக் கூலி இருந்தது. கெட்டுப்போன முன்னூறையும் அவர் எறியவில்லை, நாலாகக் கிழித்துக் கணக்கெழுதத் துண்டுத்தாளாக்கிக்கொண்டார். அடுத்த இரண்டு மாதமும் நான் டீக் கணக்கு எழுதின தாளிலெல்லாம் அந்தப் பெண்ணின் பேர் இடவலம் மாறிக் கிடந்தது. அது தண்டனையா சிக்கனமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் அன்றைக்குத் திட்டியிருந்தால் நான் அந்த வேலையை விட்டிருப்பேன், அந்த வயசு அப்படி. தப்புச் செய்தவனுக்குப் பேச்சைவிட, கைக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிடுவது மேல் என்று பிற்பாடு நானும் எத்தனையோ பையன்களிடம் செய்து பார்த்திருக்கிறேன். பாதிப் பேரிடம் அது பலித்தது. மீதிப் பேரிடம் கத்தியும் இருக்கிறேன், பொய் சொல்வானேன். ஆனால் பேத்திக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மூன்றாவது கேஸ் எனக்கென்றே செய்தது. அரை மணி நேரம் வெந்தபின் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து தாயம் விளையாடினோம், அது ஆறுகிற வரைக்கும். பள்ளத்தில் பழுப்பு வைத்துத் துடைக்கிற வேலையை என்னிடமே விட்டாள். ஓர் இடத்தில் அதிகமாகத் துடைத்துவிட்டேன், ஒரு பூ வெளுத்துப்போய்த்தான் இருக்கிறது.

போன மாதம் மதுரை போனபோது, எங்கள் பழைய மெஷின்மேனை டீக்கடையில் பார்த்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார், கண் சரியாகத் தெரியவில்லை. போனை மேஜைமேல் வைத்தேன். அவர் அதை எடுத்துப் பெருவிரலால் முதுகைத் தடவினார். ஒரு தரம், இன்னொரு தரம்.

"லை" என்றார். "பழைய லை. இருபத்து நாலு பாயிண்ட்."

"பதினெட்டு" என்றேன்.

"போடா, நான் மை வைச்சவன்" என்றார்.