பழக்காலத்து விருந்தினர்

ரம்புத்தானும் டுரியானும் பழுக்குங்காலத்தில் நம் தோட்டத்துக் கொல்லைப்புறங்களுக்கு விருந்தினர் பலர் வருவர். பகலில் மைனாவும் கொண்டைக்குருவியும் அணிலும். இருட்டியபின் பழந்தின்னி வௌவால்கள். இப்பள்ளிக்கு வந்த நாள்தொட்டு நாம் கண்டு மகிழும் காட்சி இது.

வௌவாலை அற்பமென எண்ணலாகாது. மலாய் மொழியில் பெரிய பழந்தின்னி வௌவாலுக்குக் 'கெலுவாங்' என்று பெயர். நம் ஊர் குளுவாங் என வழங்கலானதும் அதனாலேயே. சிறகை விரித்தால் ஏறத்தாழ 5 அடி வரை இருக்கும். முன்னாளில் பெருங்கூட்டமாய்ப் பறந்த இவ்வினம், வேட்டையாலும் காடு குறைந்ததாலும் அருகிவிட்டது.

டுரியான் பூ மாலையில் விரிவது. அதில் தேனுண்ண வரும் வௌவால்களே மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டு சேர்க்கின்றன. அவை குறைந்தால் காய்ப்பும் குறையும்.

எனினும் எச்சரிக்கை வேண்டும். 1998, 1999ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட நிப்பா நோய்க்கிருமி, பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகள் வழியே மனிதர்க்கும் பரவியது. ஆகவே, கடிபட்ட பழத்தை உண்ணாதீர். விழுந்து கிடக்கும் வௌவாலைத் தொடாதீர்.

மாணவச் செல்வங்களே! கவணைக் கீழே வையுங்கள். உச்சிக்கிளைப் பழங்களை அவற்றுக்கே விட்டுவிடுவோம். ஊருக்குப் பெயர் தந்த உயிர் மறைந்துபோனால், அப்பெயரின் பொருளை நாளைய பிள்ளைகளுக்கு எதைக் காட்டி விளக்குவோம்?